நெற்றியில் சாம்பல்; நெஞ்சில்?

(மூன்றாம் ஆண்டு, இளங்கலை வரலாறு)

ஆண்டுதோறும் தை கடைசியிலோ மாசியிலோ வரும் ஒரு புதன்கிழமையன்று, நம் கல்லூரி மாணவ மாணவியருள் சிலர் நெற்றியில் சாம்பல் சிலுவையோடு வகுப்பில் அமர்ந்திருப்பதை நண்பர்கள் பார்த்திருக்கலாம். "என்னடா, நீயும் திருநீறு பூச ஆரம்பித்துவிட்டாயா?" என்று முதலாண்டில் என்னைக் கேட்டவன் இன்று என் நெருங்கிய நண்பன். அன்று அவனுக்கு அரைகுறையாகத்தான் விடை சொன்னேன். சிரித்து மழுப்பினேன் என்பதே உண்மை. மூன்றாண்டு கழித்து இம்மலரில் முழு விடையையும் சொல்ல முயல்கிறேன். இந்த விடை அவனைக் காட்டிலும் எனக்குத்தான் அதிகம் தேவைப்படுகிறது.

அந்தப் புதனுக்குச் சாம்பல் புதன் என்று பெயர். அன்று தொடங்கி உயிர்ப்புப் பெருவிழா வரையுள்ள காலத்தைக் கத்தோலிக்கர் தவக்காலம் என்பர். சீர்திருத்தத் திருச்சபையார் லெந்து நாட்கள் என்பர். நாட்காட்டியில் எண்ணினால் 46 நாள் வரும். ஞாயிறுகளை நீக்கினால் 40. இயேசு பாலைவனத்தில் உண்ணாதிருந்த நாற்பது நாட்களின் நினைவு அது. மாலையிட்டு 41 நாள் விரதம் காத்துச் சபரிமலை செல்லும் நண்பருக்கும், ரமலானில் பகல் முழுவதும் ஒரு சொட்டு நீரும் அருந்தாமல் தேர்வெழுதும் நண்பருக்கும் இதை விரித்துரைக்க வேண்டிய தேவையில்லை. உடலை ஒறுத்து உள்ளத்தை வழிக்குக் கொண்டுவரும் முயற்சி எல்லாச் சமயங்களுக்கும் பொதுவன்றோ?

நெற்றியில் இடும் அந்தச் சாம்பல் எங்கிருந்து வருகிறது என்பது பலருக்குத் தெரியாது. குருத்தோலை ஞாயிறன்று கையில் ஏந்திப் பவனி வரும் ஓலைகளைச் சிலுவையாக மடித்து, வீட்டில் சாமிப் படங்களுக்குப் பின்னே செருகி வைப்பது எங்கள் வழக்கம். ஓராண்டில் அவை காய்ந்து பழுப்பேறிவிடும். அடுத்த சாம்பல் புதனுக்கு முன் அவற்றைக் கோவிலுக்குக் கொண்டுபோய்க் கொடுப்போம். அங்கே அவற்றை எரித்துச் சாம்பலாக்குவர். சென்ற ஆண்டு நாம் போட்ட ஆரவாரந்தான் இந்த ஆண்டு நம் நெற்றிக்குச் சாம்பலாக வருகிறது!

அன்று கோவிலில் வாசிக்கப்படும் நற்செய்திப் பகுதி எதுவென்று எண்ணினால் இன்னும் வியப்பாக இருக்கும். அது மத்தேயு ஆறாம் அதிகாரத்தில் உள்ளது. நோன்பிருப்பவன் வாடிய முகத்தோடு திரிந்து அதை ஊருக்குக் காட்டக் கூடாது, முகங்கழுவி எண்ணெய் தேய்த்து எப்போதும்போல் இருக்க வேண்டும் என்பது அதன் கருத்து. இதைக் கேட்டு முடித்த கையோடு நாங்கள் வரிசையில் நின்று முகத்திலே சாம்பலைப் பூசிக்கொண்டு வெளியே வருகிறோம்! இந்த முரண்பாட்டைத் திருச்சபை அறியாமல் வைத்திருக்கும் என்று நான் கருதவில்லை. அடையாளத்தைக் கொடுக்கும்போதே, இந்த அடையாளம் உன்னை ஏமாற்றக்கூடும் என்ற எச்சரிக்கையையும் சேர்த்தே கொடுத்திருக்கிறது. அடையாளத்தை வாங்கிக்கொண்டு எச்சரிக்கையைக் கோவிலிலேயே விட்டுவிட்டு வருகிறவர்கள் நாங்கள். திருவள்ளுவரும் துறவை எடுத்துரைத்த இடத்திலேயே கூடாவொழுக்கம் என்று தனியே ஓர் அதிகாரம் வகுத்திருக்கிறார். தவக்கோலம் தவத்துக்கே பகையாகக்கூடும் என்பதை அவர் நன்கு அறிந்திருந்தார்.

என் பாட்டி தவக்காலத்தைத் 'தவசுகாலம்' என்றுதான் சொல்வார். அக்காலத்தில் அவருக்கு இரண்டே சொற்கள் போதும்: ஒருசந்தி, சுத்தபோசனம். ஒருசந்தி என்றால் ஒருவேளை முழு உணவு. சுத்தபோசனம் என்றால் இறைச்சி கூடாது. இன்றைய சட்டம் மிகவும் இலேசானது. 1966ஆம் ஆண்டு திருத்தந்தை ஆறாம் பவுல் விதிகளைத் தளர்த்திய பின், சாம்பல் புதனும் பெரிய வெள்ளியும் ஆகிய இரு நாள்களே கட்டாய ஒருசந்தி நாள்கள். பாட்டி அந்தச் சலுகையைக் கடைசிவரை ஏற்கவே இல்லை. "சட்டம் மாறிட்டா வயிறு மாறிடுமா?" என்பார். அதே பாட்டி, தவசுகாலம் நாற்பது நாளும் என் பெரியம்மாவோடு முகங்கொடுத்துப் பேசாமலே ஒருசந்தி காத்ததையும் நான் பார்த்திருக்கிறேன். அவரைப் பழிக்க இதைச் சொல்லவில்லை. வயிற்றைக் காயப்போடுவது எளிது, வாயைத் திறந்து "என் மேல்தான் தப்பு" என்று சொல்வது கடினம் என்பதற்கு நான் கண்ட முதற்சான்று அது.

நோன்பு எத்தனை தூரம் சடங்காகச் சுருங்க முடியும் என்பதற்கு வரலாற்று மாணவன் என்ற முறையில் ஒரு செய்தியைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பிரான்சு நாட்டில் ருவான் என்றொரு நகரம். அங்குள்ள பேராலயத்தின் கோபுரங்களில் ஒன்றுக்கு 'வெண்ணெய்க் கோபுரம்' என்று பெயர். இடைக்காலத்தில் தவக்காலத்தில் வெண்ணெயும் விலக்கு. காணிக்கை செலுத்தினால் வெண்ணெய் உண்ண அனுமதி கிடைக்கும். அந்தக் காணிக்கைப் பணம் கலந்து பதினைந்தாம் நூற்றாண்டின் இறுதியில் எழும்பத் தொடங்கிய கோபுரம் அது. நாவைக் கட்ட முடியாதவர்களின் வெண்ணெய் வானளாவ நிற்கிறது! இத்தகைய வழக்கங்களைக் கண்டு பொறாமல்தான் 1522ஆம் ஆண்டுத் தவக்காலத்தில் சூரிக் நகரத்தில் அச்சக உரிமையாளர் ஒருவர் வீட்டில் சிலர் வேண்டுமென்றே இறைச்சி உண்டனர். சுவிங்கிலி என்ற சீர்திருத்தவாதி அவர்கள் பக்கம் நின்று வாதாடினார். ஒரு தட்டு இறைச்சியிலிருந்து சுவிட்சர்லாந்தின் சமயச் சீர்திருத்தம் கிளம்பியது என்று படிக்கும்போது சிரிப்பு வரும். ஆயின் இருதரப்பாரும் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்களோ என்ற ஐயமும் எனக்கு உண்டு.

நம் பாடப்புத்தகத்தில் கனோசா என்ற சொல்லைப் படித்திருப்போம். ஜெர்மானிய மன்னன் நான்காம் ஹென்றிக்கும் ஏழாம் கிரகோரி என்ற போப்பாண்டவருக்கும் ஆயர்களை நியமிக்கும் உரிமை பற்றிப் பெரும் பூசல். 1076இல் போப்பாண்டவர் மன்னனைத் திருச்சபையிலிருந்து விலக்கினார். பிரபுக்கள் கைவிடத் தொடங்கியதும் மன்னன் ஆல்ப்ஸ் மலையைக் கடந்து 1077 சனவரியில் இத்தாலியின் கனோசாக் கோட்டை வாயிலில் வந்து நின்றான். கொட்டும் பனியில், வெறுங்காலோடு, முரட்டுக் கம்பளி ஆடையோடு மூன்று நாள்! இறுதியில் மன்னிப்புக் கிடைத்தது. மனத்தாழ்மைக்கு இதைவிட ஓவியம் வேண்டுமா என்று தோன்றும். ஆனால் கதை அங்கே முடியவில்லை. ஏழே ஆண்டில் அதே ஹென்றி படையோடு ரோமாபுரியைக் கைப்பற்றினான். தனக்கு வேண்டிய ஒருவரைப் போப்பாண்டவராக அமர்த்தி, 1084ஆம் ஆண்டு உயிர்ப்புப் பெருவிழாவன்று அவர் கையாலேயே பேரரசனாக முடிசூட்டிக்கொண்டான். தவக்காலம் முடிந்த அன்றைக்கே முடிசூட்டு! கிரகோரி மறு ஆண்டு சலேர்னோ நகரில், சொந்த நகரத்துக்குத் திரும்ப முடியாமலே காலமானார்.

ஹென்றி பனியில் நடித்தானா, உண்மையிலேயே உருகி நின்றானா என்று நம்மால் தீர்ப்புச் சொல்ல முடியாது. கால் விறைத்தது நடிப்பன்று. எனக்குத் தோன்றுவது வேறு. அந்த வாயிலில் அவன் மன்னிப்புக் கேட்டது யாரிடம்? தன் மணிமுடியைக் காப்பாற்றித் தரக்கூடிய ஒருவரிடம். அவனால் அழிந்த ஊர்க்காரர் எவரும் அந்தக் கோட்டையில் இல்லை. நமக்கு மேலே இருப்பவர் காலில் விழுவது தாழ்மையே அன்று, அது கணக்கு. பனியில் நிற்பது எத்தனை கடினமாயினும் அது கணக்குத்தான்.

இதற்கு எழுநூறு ஆண்டுகளுக்கு முன் நடந்த இன்னொன்றை அருகில் வைத்துப் பார்க்கலாம். கி.பி. 390இல் தெசலோனிக்கா நகரத்தில் ஒரு கலவரம். உரோமைப் பேரரசன் தியோடோசியசின் ஆணையால் படைவீரர்கள் பொதுமக்களை ஆயிரக்கணக்கில் வெட்டிக் கொன்றனர். மிலான் நகர ஆயர் அம்புரோசு, மன்னன் வெளிப்படையாகப் பாவப்பரிகாரம் செய்யும்வரை நற்கருணையில் பங்குகொள்ள விடவில்லை. தியோடரெட் என்ற திருச்சபை வரலாற்றாசிரியர் மேலும் ஒரு செய்தி கூறுகிறார். இனி மரண தண்டனை ஆணை எதுவும் 30 நாள் கழித்தே நிறைவேற வேண்டும் என்று சட்டம் இயற்றும்படி ஆயர் கேட்டாராம், மன்னனும் இயற்றினானாம். சினத்தில் இட்ட ஆணையைச் சினம் தணிந்த பின் மறுபடி பார்க்க ஓர் இடைவெளி. மாண்டவர் மீளவில்லை. ஆயினும் அந்த வருத்தம் கண்ணீரோடு நிற்காமல் அரண்மனையின் நடைமுறையையே தொட்டது. இரண்டு மன்னரில் எவர் மனந்திரும்பியவர் என்று கேட்டால் நான் தியோடோசியசின் பக்கம் கை தூக்குவேன்.

மனந்திரும்புதல்! தமிழ் விவிலியம் நமக்குக் கொடுத்த சொற்களுள் இது அருமையானது. கிரேக்க மூலத்திலுள்ள மெத்தனோயா என்ற சொல்லுக்கு மனத்தை மாற்றிக்கொள்ளுதல் என்று பொருள். எபிரேயச் சொல்லோ திரும்பி வருதல் என்னும் பொருளது. நம் மொழியில் 'திரும்பு' என்றால் 'திருப்பு' என்பதும் கூடவே நினைவுக்கு வருகிறதல்லவா? வந்த வழியே திரும்புகிறவன் எடுத்ததைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டேதான் வர வேண்டும். லூக்கா நற்செய்தியில் வரும் சக்கேயு அப்படித்தான் திரும்பினான். வரி தண்டுவதில் கொழுத்தவன். இயேசுவைப் பார்க்க மரமேறிய குள்ளன் என்று மறைக்கல்வி வகுப்பில் சிரித்துக்கொண்டே படித்திருக்கிறோம். அவன் அழுததாகவோ, சாம்பல் பூசியதாகவோ, உண்ணாதிருந்ததாகவோ அங்கே ஒரு செய்தியும் இல்லை. தன் சொத்தில் பாதியை ஏழைகளுக்குக் கொடுப்பதாகவும், ஏமாற்றி வாங்கியதை நாலு மடங்காகத் திருப்பித் தருவதாகவும் எழுந்து நின்று சொன்னான். கணக்குப்பிள்ளையின் மனமாற்றம் கணக்குப் புத்தகத்திலேயே நடந்துவிட்டது.

இனி மனத்தாழ்மைக்கு வருகிறேன். இங்கேதான் எனக்குப் பிரசங்கங்களோடு சண்டை.

தாழ்மை என்ற சொல்லை யாரிடம் சொல்கிறோம் என்று பார்த்துச் சொல்ல வேண்டும். வீட்டில் எல்லோருக்கும் பரிமாறிவிட்டு அடிச்சோற்றை வழித்து உண்ணும் தாயிடம் போய்த் தவக்காலத்தில் இன்னும் கொஞ்சம் தாழ்ந்து போ என்று சொல்வது அறமா? தலைமுறை தலைமுறையாகத் தாழ்த்தப்பட்டவனிடம் மனத்தாழ்மையைப் போதிப்பது எப்படிப்பட்டது? பிறர் அழுத்தியதால் குனிந்து நிற்பதற்குப் பெயர் தாழ்மையன்று. அது அவமானம். நிமிர்ந்து நிற்க முடிந்தவன் தானே குனிவதுதான் தாழ்மை. அழுத்தப்பட்டவனுக்குத் தவக்காலம் கொண்டுவர வேண்டியது நிமிர்வு. இந்த இரண்டையும் வேறு பிரிக்காத பிரசங்கம் எத்தனை உருக்கமாக இருந்தாலும் அது மேலே இருப்பவனுக்கே மெத்தை போடும்.

சான்று தேடி ஐரோப்பா போக வேண்டியதில்லை. திருநெல்வேலி மாவட்டம் வடக்கன்குளத்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் எழுந்த பெரிய கோவில், கால்சட்டையின் இரு கால்களைப் போல இரண்டு மண்டபங்களாகக் கட்டப்பட்டது. இரண்டும் ஒரே பீடத்தில் போய்ச் சேரும். ஒரு மண்டபம் உயர்சாதியினர் என்று தம்மைக் கருதியவர்களுக்கு, மற்றது ஏனையோர்க்கு. இடையே தடுப்பு. 1745இல் ஞானஸ்நானம் பெற்று, சாதி பாராமல் எல்லோரோடும் பழகிய தேவசகாயம் பிள்ளைக்கு அந்த நீரை வார்த்த அதே ஊர் இது! (2022 மே 15இல் அவருக்குப் புனிதர் பட்டம் அளிக்கப்பட்டதை நாளிதழ்களில் படித்திருப்பீர்கள்.) கௌசானல் அடிகள் 1910இல் அந்தத் தடுப்பை இடித்தார். இடித்தது தவறென்று வழக்குத் தொடுத்தார்கள். சென்னை உயர் நீதிமன்றம் வரை அந்த வழக்குப் போயிற்று. தோற்றது.

அந்தச் சுவர் நின்ற காலத்திலும் சாம்பல் புதன் வந்திருக்கும். இரண்டு மண்டபத்தாரும் ஒரே ஓலையின் சாம்பலைத்தான் பூசியிருப்பார்கள். மண்ணாக இருக்கிறாய், மண்ணுக்கே திரும்புவாய் என்ற கருத்தில் குருவானவர் சொன்னதை இரு பக்கத்தாரும் தலைகுனிந்து கேட்டிருப்பார்கள். பூசிக்கொண்டு அவரவர் மண்டபத்துக்குத் திரும்பியிருப்பார்கள். எத்தனை சாம்பல் புதன்கள்! நோன்பு சுவரை இடிக்கவில்லை. கடப்பாறைதான் இடித்தது. சுவர் எல்லாம் போய்விட்டது என்று சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. தீண்டாமை பாவம் என்றும், அது திருச்சபைக்குள்ளும் இருக்கிறது என்றும் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை தன் கொள்கை அறிக்கையில் ஒப்புக்கொண்டது 2016 டிசம்பரில். ஒப்புக்கொண்டதை நான் மதிக்கிறேன். வடக்கன்குளத்துச் சுவர் இடிந்து 106 ஆண்டு கழித்து ஒப்புக்கொள்ள வேண்டியிருந்ததே என்று வெட்கப்படவும் செய்கிறேன்.

பெரிய அமைப்புகள் மன்னிப்புக் கேட்பது வெறும் நாடகம் என்று வகுப்பில் ஒரு நண்பர் வாதிட்டார். முழுவதும் அப்படிச் சொல்லிவிட முடியாது. 2000ஆம் ஆண்டு மார்ச் 12, தவக்காலத்தின் முதல் ஞாயிறு. புனித பேதுரு பேராலயத்தில் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், உண்மையைக் காப்பதாகச் சொல்லி நிகழ்த்திய வன்முறை, யூதர்க்கு இழைத்த கொடுமை, பெண்களுக்கும் பிற இனத்தார்க்கும் செய்த அநீதி என்று திருச்சபை மக்களின் பாவங்களை வகைவகையாகச் சொல்லிக் கடவுளிடம் மன்னிப்பு வேண்டினார். 'மக்களின்' பாவம் என்கிறாரே, திருச்சபையின் பாவம் என்று ஏன் சொல்லவில்லை என்று குறை கூறியோர் உண்டு. அந்தக் குறையில் நியாயமும் உண்டு. ஆனால் அவர் அத்தோடு உரோமையிலேயே இருந்துவிடவில்லை. சரியாக 14 நாள் கழித்து, மார்ச் 26இல், எண்பதை நெருங்கிய தளர்ந்த உடலோடு எருசலேமின் மேற்குச் சுவருக்கு நடந்துபோய், அந்த வேண்டுதலை எழுதிய தாளை யூதர்கள் செய்வதுபோல் கல்லிடுக்கில் செருகினார். கடவுளிடம் கேட்டது போதும் என்று அவர் நினைக்கவில்லை. யாருக்குத் தீங்கு நேர்ந்ததோ அவர்கள் நிற்கும் இடத்துக்கே போனார். நான் மதிப்பது அந்த நடையை.

இவ்வளவும் எழுதிவிட்டு என்னைப் பற்றி எழுதாமல் விட்டால் நானும் ஒரு வெண்ணெய்க் கோபுரந்தான்.

பதினொன்றாம் வகுப்பை ஒரு பள்ளி விடுதியில் தங்கிப் படித்தேன். சுற்றுலாவுக்காக மாணவர்கள் சேர்த்த பணத்துக்கு நான் பொறுப்பு. 3,600 ரூபாய் சேர்ந்திருந்தது. அதிலிருந்து எடுத்துச் செலவழித்துவிட்டேன். எதற்கு என்று சொன்னால் அது சாக்குப்போல் ஆகிவிடும். திருப்பி வைத்துவிடலாம் என்று நினைத்தேன்; முடியவில்லை. கணக்குக் கேட்ட அன்று, பெட்டியில் வைத்த பணத்தைக் காணோம் என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். யார் பெயரையும் நான் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையே இருக்கவில்லை. சமையற்கூடத்தில் பாத்திரம் துலக்கி, அறைகளைக் கூட்ட வரும் ஓர் அண்ணன் இருந்தார். எல்லோர் கண்ணும் தானாகவே அவர்மேல் போயிற்று. மறுநாள் அவரை அனுப்பிவிட்டார்கள். அவருக்குத் திருமணமாகிச் சில மாதங்களே ஆகியிருந்தன. அந்த ஆண்டுதான் தமிழ் வகுப்பில் சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதையைப் பற்றிப் பேச்சு வந்தது. தேராமல் கோவலனைக் கள்வன் என்ற பாண்டியனைக் குற்றஞ்சாட்டி நான்தான் நன்றாகப் பேசினேன். கைதட்டல் கிடைத்தது.

அதற்குப்பின் வந்த தவக்காலங்களில் நான் ஒரு வெள்ளியும் தவறாமல் நோன்பிருந்தேன். சிலுவைப் பாதையின் பதினான்கு நிலைகளிலும் முழந்தாளிட்டேன். தேநீர்க் காசை மிச்சம் பிடித்து, கொஞ்சங் கொஞ்சமாக 3,600 ரூபாயையும் கோவில் உண்டியலில் போட்டுத் தீர்த்தேன். கடைசி நோட்டைப் போட்ட அன்று நெஞ்சு இலேசானதுபோல் இருந்தது. சென்ற ஆண்டுத் தவக்காலத்தில் பாவசங்கீர்த்தனத்தில் இதையெல்லாம் சொன்னேன். (இன்று அதற்கு ஒப்புரவு என்று பெயர். நல்ல பெயர். ஒப்புரவுக்கு இன்னொருவர் வேண்டுமே!) வயதான குருவானவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு, "தம்பி, உண்டியலுக்கா நீ கடன்பட்டாய்?" என்றார். நான் பேசவில்லை. "அந்த ஆள் இப்போது எங்கே இருக்கிறார்?" என்றார். தெரியாது என்றேன். "நாலு வருஷமாக நோன்பிருக்கிறாய். ஒரு நாளாவது விசாரித்தாயா?"

விசாரிப்பது கடினமாகவே இல்லை. விடுதியின் பழைய சமையற்காரருக்கு ஒரே ஒரு தொலைபேசி. ஒன்றரை மணிநேரப் பேருந்துப் பயணம். அவர் ஒரு பரோட்டாக் கடையின் பின்கட்டில் மாவு பிசைந்துகொண்டிருந்தார்.

"அண்ணே, என்னைத் தெரியுதா?"

"கணக்கு வச்சிருந்த தம்பிதானே?" என்றார். கை நிற்கவில்லை.

பேருந்தில் மனப்பாடம் செய்து வைத்திருந்ததை எல்லாம் ஒரே மூச்சில் சொன்னேன். அவர் மாவை உருட்டி வரிசையாக வைத்துக்கொண்டே, "எனக்கு அப்பவே தெரியும் தம்பி" என்றார்.

"அப்ப ஏண்ணே சொல்லலை?"

"சொன்னா யாரு நம்புவா?"

சற்று நேரம் இருவரும் பேசவில்லை. பாண்டியன் அவையில் கண்ணகிக்குச் சிலம்பு இருந்தது. உடைத்துக் காட்டினாள். இவரிடம் உடைத்துக் காட்ட என்ன இருந்தது? மன்னித்துவிடுங்கள் என்றேன். அவர் என்னை முதன்முறையாக நேராகப் பார்த்தார். "என்கிட்டச் சொல்லி என்ன ஆகப் போகுது? நான் எடுக்கலைன்னு எனக்குத் தெரியும். என் மாமனாருக்குத்தான் தெரியாது. களவாணிக்குப் பொண்ணைக் குடுத்துட்டோம்னு ஊருக்குள்ள தலை குனிஞ்சு திரியிறாரு. அந்த வீட்டுப் படி ஏறி நாலு வருசம் ஆச்சு. அவர்கிட்டப் போய்ச் சொல்லு" என்றார். ஊர்ப் பெயரைச் சொல்லி, எந்த நிறுத்தத்தில் இறங்க வேண்டும் என்பதையும் சொன்னார். வா என்றும் இல்லை, போ என்றும் இல்லை. அடுத்த தட்டு மாவை எடுத்துவிட்டார்.

விடுதிக்கு நடந்ததை எழுதிப் பணத்தையும் அனுப்பினேன். அங்கிருந்து பதில் வரவில்லை. உடன் படித்தவர்களுக்கும் தெரிவித்தேன். இருவர் திட்டினார்கள். ஒருவன், இத்தனை வருடம் கழித்து இதெல்லாம் எதற்கடா என்றான். இவை எல்லாம் உட்கார்ந்த இடத்திலிருந்தே செய்துவிடக்கூடியவை. அந்த ஊருக்குப் போகத்தான் எனக்கு மூன்று வாரம் பிடித்தது. ஒவ்வொரு நாளும் ஒரு காரணம் கிடைத்தது. அகமதிப்பீட்டுத் தேர்வு கூட ஒரு காரணமாக வந்து உதவியது. பெரிய வெள்ளிக்கு முந்திய புதன்கிழமை போனேன்.

பெரியவர் திண்ணையில் இருந்தார். அண்டை வீட்டார் இரண்டு மூன்று பேரும் இருந்தார்கள். தனியாகப் பேச வேண்டும் என்றேன். "ஊரே பேசினதைத் தனியா என்னத்தைப் பேசுறது? இங்கேயே சொல்லுங்க" என்றார். சொன்னேன். குரல் எனக்கே கேட்கவில்லை. இரண்டாம் முறை சொல்லச் சொன்னார்கள். சொல்லி முடித்ததும் பெரியவர் வெகுநேரம் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார். என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

"எழுதிக் குடுங்க" என்றார்.

பள்ளிக்கூட நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்துக் கொண்டுவந்து கொடுத்தார்கள். இந்தக் கட்டுரையில் இருப்பதுபோல் ஹென்றியும் தியோடோசியசும் அதில் இல்லை. ஏழெட்டு வரிதான். கையெழுத்திட்டுத் தேதியும் போட்டுக் கொடுத்தேன். அவர் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவருக்குப் படிக்கத் தெரியாது என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. உள்ளே திரும்பி ஒரு குரல் கொடுத்தார். ஐந்தாம் வகுப்போ ஆறாம் வகுப்போ படிக்கும் ஒரு சிறுமி வந்தாள். "சத்தமா வாசி ஆத்தா, எல்லாருக்கும் கேக்கணும்" என்றார். அந்தப் பிள்ளை எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டே வந்து, பணத்தை எடுத்தது நான் என்ற இடத்தில் நிறுத்தி, என்னை நிமிர்ந்து பார்த்தது.

"நிறுத்தாதே, வாசி" என்றார் பெரியவர்.